பட்டரா, டிரைவரா: டிஸ்க் கோல்ஃபில் முதலில் எதை வாங்குவது?

டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தின் விதியை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். டீ என்ற தொடக்க இடத்தில் நின்று, தட்டு மாதிரி இருக்கும் டிஸ்க்கை எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். சங்கிலி தொங்கும் கூடைக்குள் டிஸ்க் விழும் வரை இப்படியே. 9 அல்லது 18 கூடைகளைக் குறைந்த எறிகளில் முடித்தவர் வென்றவர். குழப்பமெல்லாம் கடை அலமாரி முன்னால் நிற்கும்போதுதான் ஆரம்பிக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் டிஸ்க்குகளில் ஒன்று பட்டர் (கிட்டத்தில் கூடைக்குப் போட), ஒன்று மிட்ரேஞ்ச் (நடுத்தூரத்துக்கு), ஒன்று ஃபேர்வே டிரைவர் (தூர எறிக்கு), இன்னொன்று டிஸ்டன்ஸ் டிரைவர் (அதைவிடத் தூரத்துக்கு).

தொடக்கத்தில் இத்தனை வகை கிடையாது. சங்கிலிக் கூடைக்குக் காப்புரிமை வாங்கிய எட் ஹெட்ரிக் 1976-இல் பிடிஜிஏ என்ற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கிய நாட்களில், சாதாரண ஃபிரிஸ்பியைத்தான் எறிந்துகொண்டிருந்தார்கள். 1983-இல் இன்னோவா நிறுவனம் விளிம்பைச் சரிவாகச் சீவிய டிஸ்க்கைக் கொண்டுவந்தது. கூரான விளிம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், தூரம் கூடியது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. விளிம்பு கூராகக் கூராக, அந்த டிஸ்க் ஒழுங்காகப் பறக்கத் தேவையான கைவேகமும் ஏறிக்கொண்டே போனது.

டிஸ்க் மேல் அச்சடித்திருக்கும் நான்கு எண்களில் இந்தக் கதை இருக்கிறது. ஸ்பீட், கிளைடு, டர்ன், ஃபேட் என்ற வரிசை. இன்னோவாவின் ஏவியார் என்ற பட்டருக்கு 2, 3, 0, 1. லெப்பர்ட் என்ற ஃபேர்வே டிரைவருக்கு 6, 5, -2, 1. டிஸ்ட்ராயர் என்ற டிஸ்டன்ஸ் டிரைவருக்கு 12, 5, -1, 3. புதியவர்கள் தடுக்கி விழுவது முதல் எண்ணில்தான். 12 என்றால் டிஸ்க் அவ்வளவு வேகமாகப் போகும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு வேகத்தை நீங்கள் கொடுத்தால்தான் அது சொன்னபடி பறக்கும் என்பதுதான் அதன் அர்த்தம். கிளைடு, எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. வலது கையால் பேக்ஹேண்ட் (மார்பின் குறுக்கே இழுத்து) எறிபவருக்கு, டர்ன் என்பது வேகம் இருக்கும்போது வலப்பக்கம் சாய்வது, கழித்தல் குறி அதைத்தான் காட்டுகிறது. ஃபேட் என்பது வேகம் குறைந்ததும் இடப்பக்கம் இழுப்பது. இடது கைக்காரர்கள் இதை அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது ஒரு புதியவர் கையில் டிஸ்ட்ராயரைக் கொடுத்துப் பாருங்கள். முழு பலத்தோடு வீசுவார். டிஸ்க்கின் முன்விளிம்பு லேசாக மேல்நோக்கி இருக்கும். அதுவே சர்ரென்று ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, இடப்பக்கம் இருக்கும் புதரைத் தேடிப் போய் விழும். வேகம் போதாததால் டர்ன் வேலையே செய்யவில்லை. மிஞ்சியது ஃபேட் மட்டும். அடுத்த முறை எறிபவர் என்ன செய்வார்? வலப்பக்கம் தள்ளிக் குறிவைப்பார், இல்லையென்றால் விடும் நேரத்தில் மணிக்கட்டைத் திருப்பிவிடுவார். டிஸ்க் ஓரளவு நேராகப் போகும். அவருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த மணிக்கட்டுத் திருப்பல் பழக்கமாகிவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு.

பட்டரிடம் இந்தத் தில்லுமுல்லு நடக்காது. அதே ஆள் அதே திருப்பலோடு பட்டரை எறிந்தால் அது வலப்பக்கம் கவிழ்ந்து தரையில் உருளும். விரல் பிடி தளர்ந்திருந்தால் காற்றில் தள்ளாடுவது கண்ணுக்குத் தெரியும். முன்விளிம்பு தூக்கியிருந்தால் பாதி தூரத்தில் மிதந்து நின்றுவிடும். தப்பு எதுவானாலும் மறைக்காமல் காட்டிவிடுகிறது. சரியாக எறிந்தால் நூல் பிடித்த மாதிரி போகிறது. தூரத்திலும் பெரிய இழப்பு இல்லை, ஆரம்பத்தில் பலரும் டிரைவரை எறியும் தூரமும் பட்டரை எறியும் தூரமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும்.

மிட்ரேஞ்ச் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ்ஸ் (Buzzz: 5, 4, -1, 1) இந்த வகையில் ரொம்பப் பிரபலம். விளிம்பு பட்டரைவிடக் கொஞ்சம் கூர், பிடிக்கச் சிரமமில்லை, காற்றிலும் ஓரளவு தாங்கும். ஒரே ஒரு டிஸ்க்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு மிட்ரேஞ்சையே சொல்வேன். இரண்டு வாங்கலாம் என்றால் ஒரு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, மூன்று டிஸ்க் சேர்ந்த தொடக்க செட்? மோசமில்லை. தனித்தனியாக வாங்குவதைவிட அது பெரும்பாலும் மலிவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதிலிருக்கும் டிரைவரின் முதல் எண் 6, 7 என்றால் பிற்பாடு உதவும், 9-ஐத் தாண்டினால் அது பையில் சும்மா கிடக்கும். வீட்டில் கிடக்கும் ஃபிரிஸ்பியே போதாதா என்றும் கேட்பார்கள். கைப்பழக்கத்துக்கு ஆகும். ஆனால் அது அகலமானது, காற்றடித்தால் போன இடம் தெரியாது. ஒரு எச்சரிக்கை: கோல்ஃப் டிஸ்க்கை எதிரெதிரே நின்று பிடித்து விளையாடாதீர்கள். விளிம்பு கடினம், விரல் பதம் பார்க்கப்படும்.

எடை விஷயம் எளிது. பிடிஜிஏ விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரைதான் அனுமதி. 21 சென்டிமீட்டர் டிஸ்க் 174 கிராம் வரை போகலாம். கைவேகம் குறைவாக இருக்கும்போது 150-160 கிராம் டிஸ்க்கைச் சுழற்றுவது சுலபம். எதிர்க்காற்றில் மட்டும் அது தடுமாறும். பிளாஸ்டிக்கில் மலிவு ரகம் கைக்கு நல்ல பிடிமானம் தரும், மரத்தில் மோதி மோதிச் சீக்கிரம் தேயும். உயர்ந்த ரகம் வருடக்கணக்கில் உழைக்கும். பட்டருக்கு மலிவு ரகமே எனக்குப் பிடிக்கும். மிட்ரேஞ்ச் மரத்தில் அதிகம் அடிபடும், அதற்குக் கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம்.

அப்புறம், பேக்ஹேண்டா, ஃபோர்ஹேண்டா என்ற வழக்கு. பேக்ஹேண்டில் எதிர்த்தோள் பக்கம் டிஸ்க்கைக் கொண்டுபோய், மார்பை ஒட்டி நேர்கோட்டில் இழுத்து விட வேண்டும். பலம் இடுப்பிலிருந்து வருகிறது. ஆனால் இலக்குக்கு முதுகைக் காட்டித் திரும்புவது முதலில் பயமாக இருக்கும். ஃபோர்ஹேண்டில் உள்ளங்கை மேலே பார்க்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விளிம்பின் உட்புறம் அழுத்தும். மணிக்கட்டைச் சுண்டினால் போதும். இலக்கைப் பார்த்தபடியே எறியலாம் என்பது பெரிய வசதி. தண்ணீரில் தட்டைக் கல்லைத் தத்தித் தத்திப் போக விட்டுப் பழகிய கைக்கு இது உடனே படியும். குறை என்னவென்றால், மெதுவான டிஸ்க்கை இப்படி எறிந்தால் சுலபமாகத் தள்ளாடும், பலத்தைக் கூட்டினால் முழங்கை வலிக்கும். அதனால் என் ஓட்டு பேக்ஹேண்டுக்கு. ஆனால் நிரந்தரமாக ஒன்றோடு நிற்க முடியாது. வலது கைக்காரரின் பேக்ஹேண்ட் கடைசியில் இடப்பக்கம் இழுக்கும், ஃபோர்ஹேண்ட் வலப்பக்கம். வலப்பக்கம் வளையும் பாதை வந்தால் இரண்டாவது தேவைப்பட்டே தீரும்.

பயிற்சி காலி மைதானத்திலா, கூடைகள் வைத்த ஆட்டக்களமான கோர்ஸிலா? தூர எறிக்கு மைதானம்தான். ஐந்தாறு டிஸ்க் இருந்தால் திரும்பத் திரும்ப எறியலாம், பின்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கூடையிலும் ஒரு எறியோ இரண்டோ கிட்டத்தில் நின்று போடுவதுதான். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் எறிந்தால், விட்ட பிறகும் நிலைதடுமாறாமல், டிஸ்க் கிடந்த இடத்தில் வைத்த குறிக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. முன்னால் ஓடி விழுந்து போட முடியாது. ஐந்து மீட்டரில் நின்று அதே பட்டரைச் சலிக்காமல் போட்டுப் பழகுபவர், டிரைவரோடு மல்லுக்கட்டுபவரைவிடச் சீக்கிரம் எண்ணிக்கையைக் குறைப்பார்.

டிரைவருக்கு எப்போது போகலாம்? மிட்ரேஞ்ச் தள்ளாடாமல், சொன்ன திசையில், பெரும்பாலான எறிகளில் போக ஆரம்பித்ததும். அப்போதும் நேரே 12-க்குத் தாவ வேண்டாம். லெப்பர்ட் மாதிரி டர்ன் எதிர்மறையாகவும் ஃபேட் குறைவாகவும் இருக்கும் ஒன்றை எடுங்கள். எதை வாங்கினாலும் பின்பக்கம் அழியாத மையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிடுங்கள். புதிய டிரைவர் முதலில் போய் ஒளிவது புதருக்குள்தான்.