"4கே ப்ரொஜெக்டர்" வாங்கப் போகிறவர்களுக்கு: எல்1 இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்

"4கே, நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாம் உள்ளேயே இருக்கிறது" என்று சொல்லி இருபதாயிரம் ரூபாய்க்குள் விற்கப்படும் ஆண்ட்ராய்டு ப்ரொஜெக்டரோ டிவி பாக்ஸோ வாங்கும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மதுரையில் ஒரு கடையில் நான் வாங்கிய ப்ரொஜெக்டர், கட்டணம் செலுத்திப் பார்க்கும் படங்களை 480பி என்ற குறைந்த தெளிவுக்கு மேல் காட்டாது. எந்த இணைப்பு கொடுத்தாலும், எந்தச் சந்தா கட்டினாலும் காட்டாது. படத்தை நகலெடுக்க விடாமல் காக்கும் வைட்வைன் என்ற மென்பொருள் பூட்டு, அதில் எல்1 என்ற உயர்ந்த நிலையில் இல்லாமல் எல்3 என்ற கீழ்நிலையில் இருப்பதுதான் காரணம். விற்றவர்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

கடையில் அதைக் காட்டிய விதத்தை முதலில் சொல்கிறேன். திரை போட்டு இருட்டாக்கிய ஓர் அறை, சுவர் முழுக்கப் படம். பஞ்சவர்ணக்கிளியின் இறகில் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. பவளப்பாறைக்கு நடுவே மீன்கள் நீந்தின. பார்த்த எவரும் வாங்கத்தான் செய்வார்கள். அந்த வீடியோ யூடியூபில் இருந்து ஓடியது. யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் வீடியோக்களுக்குப் பூட்டுக் கிடையாது. மலிவான கருவியிலும் அவை தெளிவாகவே ஓடும். நெட்ஃபிளிக்ஸ் ஓடுமா என்று கேட்டேன். ரிமோட்டில் பொத்தானை அழுத்தி முகப்பைக் காட்டினார்கள். "உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பிரமாதமாக இருக்கும் மேடம்" என்றார்கள். படம் ஒன்றையும் ஓட்டிக் காட்டவில்லை.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவால் தியேட்டர் படி ஏற முடியவில்லை. அவருக்காகத்தான் வாங்கினேன். வீட்டில் முதல் படம் போட்டதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. நடிகர்களின் முகம் கலங்கிக் கிடந்தது. தலைமுடி ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. ஆனால் கீழே ஓடிய வசன வரிகள் அச்சடித்தாற்போலத் துல்லியமாக இருந்தன. இந்த முரணைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். வசன வரியைக் கருவியே தன் திரை அளவுக்கு எழுதிக்கொள்கிறது. படம் மட்டும் குறைந்த அளவில் வந்து இழுத்துப் பெரிதாக்கப்படுகிறது. எழுத்து தெளிவாகவும் முகம் மங்கலாகவும் இருந்தால் லென்ஸில் கோளாறு இல்லை, வந்து சேரும் படமே சிறியது.

கடையில் கேட்டேன். வைஃபை வேகம் போதாது என்றார்கள். வீட்டில் இருப்பது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. அடுத்து, சந்தா சிறியது, 649 ரூபாய் திட்டத்துக்கு மாறினால்தான் 4கே வரும் என்றார்கள். மாறினேன். ஒரு புள்ளிகூடத் தெளியவில்லை. நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் கைபேசித் திட்டத்துக்கு உரிய தெளிவு 480பி. நான் 649 கட்டி அதே 480பி-யைச் சுவர் அளவுக்கு விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது எங்கள் தெருவில் டிவி பழுது பார்க்கும் தம்பி. இந்தப் பூட்டின் நிலையைக் காட்டும் டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவசச் செயலியை ப்ரொஜெக்டரில் ஏற்றித் திறந்தார். "அக்கா, இங்கே பாருங்கள்" என்று காட்டிய வரியில் வைட்வைன், பாதுகாப்பு நிலை எல்3 என்று இருந்தது. பிறகு நெட்ஃபிளிக்ஸ் செயலியின் அமைப்புகளில் பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் என்ற பகுதியைத் திறந்தார். அங்கேயும் எல்3, அதிகபட்சத் தெளிவு எஸ்டி, அதாவது 480பி போன்ற குறைந்த தெளிவு. ரிமோட்டை அசைத்தால் திரையில் மவுஸ் அம்பு ஓடுவதையும் அவர்தான் சுட்டிக்காட்டினார். அது டிவிக்கான செயலியே இல்லை, கைபேசிச் செயலியைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள்.

எல்3 என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால், "வைஃபையைப் பாருங்கள்" என்பது எவ்வளவு பெரிய பொய் என்று புரியும். அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

இணையத்தில் வரும் படம் முழுதாக ஒரே கோப்பாக வருவதில்லை. சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் 480, 720, 1080, 4கே என்று பல அளவுகளில் வைத்திருக்கிறார்கள். அவை ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் 128 பிட் சாவியால் பூட்டப்பட்டவை. துண்டுகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்; சாவி இல்லாமல் அவை வெறும் குப்பை. நீங்கள் பிளே பொத்தானை அழுத்தியதும் உங்கள் கருவி, உரிமம் வழங்கும் சர்வருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புகிறது. அந்தக் கருவியில் உள்ள ரகசிய அடையாளத்தால் கையெழுத்திட்ட விண்ணப்பம் அது. சர்வர் அந்தக் கருவியின் நிலையைப் பார்த்து, அதற்குத் தகுந்த அளவுகளின் சாவியை மட்டும் தருகிறது. பெரிய அளவுகளின் சாவி வரவே வராது. சாவி வராதபோது இணைய வேகம் என்ன செய்யும்?

இந்தப் பூட்டு வேலையை ஆண்ட்ராய்டில் செய்வது வைட்வைன். 2010-இல் கூகுள் விலைக்கு வாங்கிய தொழில்நுட்பம் இது. ஆப்பிளுக்கு ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டுக்குப் பிளேரெடி என்று அவரவர்க்கு ஒன்று உண்டு. வைட்வைனில் எல்1 என்றால், பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் சிப்புக்குள் தனியாகப் பிரித்த பாதுகாப்புப் பகுதியிலேயே நடக்கும். ஆண்ட்ராய்டாலேயே அதை எட்டிப் பார்க்க முடியாது. எல்3-இல் எல்லாம் சாதாரண மென்பொருளில் நடக்கிறது; கெட்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்தால் சாவியை எடுத்துவிடலாம். 2019 ஜனவரியில் டேவிட் புக்கானன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் எல்3-ஐ உடைத்துவிட்டதாக அறிவித்தார். மென்பொருளில் நடக்கும் பூட்டு இப்படி உடைபடக்கூடும் என்பதால்தான் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் போன்ற சேவைகள் எல்3 கருவிக்கு எஸ்டி தெளிவோடு நிறுத்திக்கொள்கின்றன. திருட்டுப் பிரதி எடுத்தாலும் மங்கலான பிரதிதான் கிடைக்கட்டும் என்பது கணக்கு. பாட்டுச் சேவைகளில் இந்தக் கெடுபிடி பொதுவாக இல்லை. என் ப்ரொஜெக்டரிலும் பாட்டு மிக நன்றாகவே ஒலித்தது. அதைக் காட்டித்தான் "எல்லாம் சரியாக இருக்கிறதே" என்று கடைக்காரர் வாதாடினார்.

பூட்டுப் போடுவதில் எனக்குச் சண்டை இல்லை. படம் எடுத்தவர்களுக்குக் காசு போய்ச் சேர வேண்டும். பூட்டுக்குச் சட்டத்தின் காவலும் இருக்கிறது: பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அவ்வளவு கனமான பூட்டு தன் கருவியில் எந்த நிலையில் இருக்கிறது என்று வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டாமா? என் அட்டைப்பெட்டியின் நான்கு பக்கமும் தேடிவிட்டேன். லூமென் கணக்கு, ப்ளூடூத் பதிப்பு, ஸ்பீக்கரின் வாட் அளவு எல்லாம் இருக்கின்றன. வைட்வைன் என்ற சொல் எங்கும் இல்லை.

எல்3 என்று படம் பிடித்துக் காட்டிய பிறகு கடையின் பேச்சே மாறிவிட்டது. "இந்த விலையில் எல்லாமே எல்3 தான் மேடம், எல்லோரும் அப்படித்தான் விற்கிறார்கள்" என்றார் சர்வீஸ் பிரிவுக்காரர். வைஃபை, சந்தா என்று என்னை அலைக்கழித்தவரும் இவரேதான். கைபேசியில் படத்தை ஓட்டி ப்ரொஜெக்டருக்கு மிரர் செய்யுங்கள், தெளிவாக வரும் என்று அடுத்த யோசனை சொன்னார். செய்து பார்த்தோம். வசனம் கேட்டது, இசை கேட்டது, சுவர் கறுப்பாகவே இருந்தது. பூட்டிய படத்தைத் திரைநகல் எடுக்க ஆண்ட்ராய்டு விடாது. அது பழுதில்லை, பூட்டு தன் வேலையைச் செய்கிறது. அப்பா அரைமணி நேரம் அந்த இருட்டுச் சுவரைப் பார்த்தபடி வசனத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "பரவாயில்லை அம்மா, ரேடியோ நாடகம் மாதிரி இருக்கிறது" என்றார். அன்றைக்குத்தான் புகார் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

இதற்கிடையில் இன்னொரு வலை. "எல்3-ஐ எல்1 ஆக மாற்றித் தருகிறோம், ஐந்நூறு ரூபாய்" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். நம்பாதீர்கள். எல்1-க்கான அடையாளத்தைப் பதிப்பது கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் வேலை. ஒன்பிளஸ் 5, 5டி கைபேசிகள் எல்1 இல்லாமல் வெளிவந்தபோது, 2018-இல் அந்த நிறுவனமே கைபேசிகளைத் திரும்ப அனுப்பச் சொல்லித்தான் அதைப் பதித்துக் கொடுத்தது. போக்கோ எஃப்1-க்கு 2019-இல் மென்பொருள் புதுப்பிப்பு வழியாகவே வந்தது. அதையும் தயாரித்த நிறுவனம்தான் அனுப்பியது. தெருவில் போகிறவர் கையில் அந்தச் சாவி இருக்காது. யாரோ கொடுக்கும் ஏபிகே என்ற செயலிக் கோப்பை ஏற்றினால் உங்கள் வைஃபைக்குள் வேண்டாத விருந்தாளியை அழைத்து வருகிறீர்கள். பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள், ப்ரொஜெக்டர்கள் பலவற்றில் பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் புகுந்திருப்பதாக 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்திருந்தது. வாங்கும்போதே உள்ளே இருந்துவிடலாம் என்பதும் அந்த எச்சரிக்கையில் இருக்கிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ப்ரொஜெக்டரைத் தூக்கிப் போட வேண்டாம். எல்1 உள்ள, நெட்ஃபிளிக்ஸ் சான்று பெற்ற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐ துளையில் செருகினால் படம் தெளிந்துவிடும். அந்தத் துளையிலும் எச்டிசிபி என்ற இன்னொரு பூட்டு உண்டு. 4கே வேண்டுமென்றால் ஸ்டிக், ப்ரொஜெக்டர் இரண்டும் எச்டிசிபி 2.2-ஐ ஏற்க வேண்டும். துளையில் எச்டிசிபியே இல்லாவிட்டால் திரை கறுத்துவிடும் அல்லது பிழைச்செய்தி வரும். தம்பி தன் ஸ்டிக்கைக் கொண்டுவந்து செருகியபோது என்னுடையதில் 1080பி வந்தது. இதன் உள்திரையின் அளவே அவ்வளவுதான். பெட்டியில் போட்ட "4கே சப்போர்ட்" என்பதற்கு, 4கே படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்று பொருளாம். இதையும் பணம் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள்.

கடையில் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். அந்த வரியைப் பார்த்து யாரும் திரும்பி வந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரமும் தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் பதியலாம். அங்கே தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

நான் 1915-இல் பதிந்த பிறகு கடையிலிருந்தே அழைத்தார்கள். ஒரு ஸ்டிக் இலவசமாகத் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். முழுத் தொகையும் வேண்டும், கடையில் இருக்கும் மற்றப் பெட்டிகளில் எல்3 என்று எழுதி ஒட்டவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. ஆணையத்துக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, ஏதாவது ஒரு படத்தை ஐந்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "வைட்வைன் எல்1" என்று பில்லில் கையால் எழுதி முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள். வாங்கி ஏமாந்தவர்கள் அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். 4கே, நெட்ஃபிளிக்ஸ் என்று அச்சடித்த அந்தப் பக்கத்தையும் எல்3 காட்டும் திரையையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து, பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள்.