ஹெரால்டு ஸ்பேர்ஸ் பிரித்துக் கொடுக்கும் புதுப்பேட்டைப் பெரியவர்: கூப்பிடலாமா?

வீட்டில் பழைய கார் ஸ்பேர்ஸ் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காயலான் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வகை பிரிக்கச் சொல்லுங்கள். நான் கூப்பிட்டது சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு ஸ்பேர்ஸ் கடை கவுண்டரில் பல வருஷம் நின்று ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை. புதுப்பேட்டை மெக்கானிக் ஒருவர் மூலமாகக் கிடைத்தார். வீட்டுக்கே வந்து பார்த்துப் பிரித்துத் தருகிறார். தினக்கூலியும் ஆட்டோ செலவும் கொடுத்தால் போதும்.

எங்கள் அப்பா தாம்பரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்தான் அவருக்கு உயிர். 1961-ல் இரண்டு கதவோடு வந்து, 1968-ல் நாலு கதவு மார்க் 3 ஆன அதே வண்டி. அவர் போனபின் பரணிலும் பின்கட்டிலும் இருந்த டிரங்குப் பெட்டிகள், டால்டா டின்கள், ஹார்லிக்ஸ் பாட்டில்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பெரியவருக்கு முன்னால் வேறொரு வியாபாரி வந்து, மேலோட்டமாக நாலு டின்னைத் திறந்துவிட்டு, "எல்லாம் வேஸ்ட்டும்மா" என்று மொத்தமாக எடைக்கு விலை சொன்னார். மனம் ஒப்பவில்லை.

பெரியவர் வந்ததும் முதலில் எந்தப் பெயரும் சொல்லவில்லை. பழைய போர்வையை விரித்து, இரும்பு ஒரு பக்கம், பித்தளையும் அலுமினியமும் ஒரு பக்கம், ரப்பர், கரண்டு சாமான், கார்க்கும் பேப்பர் கேஸ்கெட்டும் என்று குவித்தார். பிறகுதான் ஸ்பேனர் பையைப் பிரித்தார். எந்த வண்டிச் சாமான் என்று சந்தேகம் வந்தால் போல்ட் தலையில் ஸ்பேனரை வைத்துப் பார்க்கிறார். பியட் முழுக்க மில்லிமீட்டர் அளவு. ஹெரால்டும் அம்பாசடரும் இங்கிலாந்து வம்சம், அங்குலக் கணக்கு. அரை அங்குல ஸ்பேனர் கச்சிதமாகப் பிடிக்கும் தலையில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தைக் கையிலேயே உணர்ந்து சொல்கிறார். அப்பாவின் குவியலில் பியட் சாமான் இவ்வளவு கலந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஹெரால்டையும் அதற்குப் பின் 1972-ல் அதே கம்பெனியிலிருந்து வந்த கெஸல் காரையும் அவர் பிரித்த விதம் இன்னும் அருமை. இரண்டுக்கும் 948 சிசி இன்ஜின்தான். ஆகவே வால்வு, பேரிங் ஷெல் எல்லாம் ஒரே டப்பாவில் போட்டார். பின்பக்க ஆக்ஸில் சாமானை மட்டும் தனியாக வைக்கச் சொன்னார். ஹெரால்டில் பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும், கெஸலில் ஒரே முழு ஆக்ஸில். "மாத்திக் குடுத்துட்டா வாங்குனவன் உங்களத்தான் திட்டுவான்" என்றார்.

அவர் அதிக நேரம் செலவழித்தது ட்ரனியன் டப்பாவில். முன்சக்கரத்தின் செங்குத்துத் தண்டு அடியில் திருகி உட்காரும் வெண்கலக் கட்டைதான் ட்ரனியன். சக்கரம் திரும்புவதே அந்த மரையில்தான். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர் திசை. அப்பாவின் டப்பாவில் இரண்டும் கலந்து கிடந்தன. பெரியவர் ஒவ்வொன்றையும் டீசலில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து மரையைப் பார்த்து, ஜோடி சேர்த்து நூலில் கட்டினார். தேய்ந்ததைத் தயங்காமல் ஒதுக்கினார். அதில் கிரீஸ் அடிக்கக்கூடாது, கியர் ஆயில்தான் விடவேண்டும் என்று என் நோட்டில் எழுதவும் வைத்தார். எண்ணெய் இல்லாமல் காய்ந்த ட்ரனியனில் தண்டு ஒடிந்தால் சக்கரம் மடிந்துவிடும். இந்தச் சின்ன வெண்கலத் துண்டில் ஒரு குடும்பத்தின் உயிர் இருக்கிறது என்பதால்தான் அவருடைய அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்தது.

பிஸ்டன் பெட்டிகளிலும் அப்படித்தான். அட்டைப் பெட்டியில் 20 ஓவர்சைஸ், அதாவது அசல் அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு பெரிது, என்று போட்டிருந்தாலும் நாலையும் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார். ஒரு செட்டில் ஒன்று மட்டும் ஸ்டாண்டர்டு சைஸ். அவசரத்துக்கு எந்த வண்டிக்கோ அப்பா ஒன்றை எடுத்துவிட்டு மிச்சமிருந்த இடத்தில் இதை வைத்திருக்கவேண்டும். பெட்டிக்குள் அப்பா கையெழுத்தில் ஒரு சீட்டும் இருந்தது, பென்சிலில் வெறும் வண்டி நம்பர். அதை நான் வைத்துக்கொண்டேன்.

ரப்பர் விஷயத்தில் பெரியவர் கறார். பிரேக் கப், ஹோஸ், இன்ஜின் மவுண்டிங், பெட்ரோல் பம்ப் டயாப்ரம் எதையும் விற்க விடவில்லை. "பாக்கெட் பிரிக்காததுதாம்மா, ஆனா ரப்பருக்கு வயசு உள்ளயே ஏறும்." இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய டயாப்ரம் அதைத் தாங்காது என்பதும் அவர் கணக்கு. பார்க்கப் புத்தம் புதிதாக இருந்த பிரேக் கப்பை அவர் விரலால் மடித்ததும் விரிசல் விட்டது. அதற்குமேல் நான் எதுவும் பேசவில்லை.

குறைகளும் உண்டு. பழைய பிரேக் லைனிங்கையும் ஹெட் கேஸ்கெட்டையும் வாயால் ஊதித் தூசி தட்டுகிறார். அந்தக் காலத்துச் சாமானில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நான் ஈரத்துணி கொடுத்து, துடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டவைத்தேன். நீங்களும் விடாதீர்கள், மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். அடுத்தது, அவர் இன்ஜின், கியர்பாக்ஸ் மனிதர். பாடி சாமானில் அக்கறை இல்லை. டோர் ஹேண்டில், குரோம் பட்டை, ஹெரால்டு என்று எழுதிய பேட்ஜ் எல்லாம் காயலான் குவியலுக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் பொறுக்கி எடுத்தேன். வண்டியைப் புதுப்பிப்பவர்கள் கடைசிவரை தேடி அலைவது இவற்றைத்தான். இவற்றை லேத்தில் கடைந்து செய்துவிட முடியாது. முதலில் விலை போனதும் அந்த பேட்ஜ்தான். எழுத்தில் பட்டியலும் தரமாட்டார். அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதி, டப்பாவில் சீட்டு ஒட்டவேண்டும். மதியத்துக்கு மேல் வேலை செய்யமாட்டார்.

ஆனாலும் நான் அவரை முழு மனதோடு சிபாரிசு செய்வதற்குக் காரணம், அவர் எதையும் தனக்கென்று விலைக்குக் கேட்பதில்லை. கமிஷனும் இல்லை. விலை மதிப்பவரே வாங்குபவராகவும் இருந்தால் நமக்கு உண்மை தெரிய வழியே இல்லை. ஒரு சாமானைப் பற்றித் தெரியவில்லையென்றால் தெரியவில்லை என்கிறார், ஓரமாக வைக்கிறார்.

கூப்பிடுவதாக இருந்தால் நல்ல வெளிச்சமான இடம், இரண்டு பேசின், டீசல், பழைய வேட்டித் துணி, கட்டு நூல், மார்க்கர் பேனா தயாராக வைத்திருங்கள். பெட்டிகளை நீங்களாகத் திறந்து கொட்டிவிடாதீர்கள். எது எதோடு இருந்தது என்பதை வைத்துத்தான் அவர் பாதியைக் கண்டுபிடிக்கிறார்.