ஆறு வருட ஸ்டேபிள்ஃபோர்ட்: எங்கள் கோல்ஃப் குழுவின் விதிகளில் நின்றதும் நிற்காததும்

எங்களுடையது நாற்பது பேர் உள்ள ஒரு நட்புக் குழு. மாதம் ஒரு போட்டி, முப்பது பேருக்கு மேல் வருவார்கள். ஸ்கோர் கார்டுகளைக் கூட்டுவதும், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைப் பொறுத்துத் தரும் ஷாட் சலுகை) பட்டியலை வைத்திருப்பதும் ஆறு வருடமாக என் வேலை. பரிசு கிடைக்காதவர்களின் முகத்தை முதலில் பார்ப்பவனும் நான்தான்.

முதல் வருடம் எல்லோரையும் போல மெடல்தான் ஆடினோம். மொத்த ஷாட்டில் ஹேண்டிகேப்பைக் கழித்தால் நெட் ஸ்கோர், குறைவாக வந்தவர் ஜெயித்தார். சுலபமான கணக்கு. ஆனால் ஒரு நாள் நான்காவது ஹோலில் பங்கருக்குள் இறங்கிய ஒருவர் ஏழு முறை மணலை அடித்த பிறகுதான் வெளியே வந்தார். கார்டில் 12 என்று எழுதினேன். மீதி பதினான்கு ஹோலும் அவர் பேசவே இல்லை. பின்னால் மூன்று குழுக்கள் காத்து நின்றன. அன்றோடு மெடலுக்கு விடை கொடுத்தோம்.

அடுத்து நாங்கள் மாறியது ஸ்டேபிள்ஃபோர்டுக்கு, அதாவது ஹோலுக்கு ஹோல் புள்ளி தரும் முறைக்கு. அதில் இந்தச் சிக்கலே கிடையாது. பிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற மருத்துவர் யோசித்த முறை இது. இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் 1932-ல் முதல் போட்டி நடந்தது. ஹேண்டிகேப் ஷாட்டைக் கழித்த பிறகு பார் (அந்த ஹோலுக்கு வகுத்த ஷாட் எண்ணிக்கை) என்றால் 2 புள்ளி, ஒன்று கூடினால், அதாவது போகிக்கு 1, ஒன்று குறைந்தால், அதாவது பேர்டிக்கு 3, இரண்டு குறைந்தால், அதாவது ஈகிளுக்கு 4. டபுள் போகியோ அதற்கு மேலோ போனால் பூஜ்யம், பந்தைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். 12 எடுத்தவருக்கும் 7 எடுத்தவருக்கும் அந்த ஹோலில் ஒரே பூஜ்யம்தான். எங்கள் ஆட்டத்தின் வேகத்துக்கு இதைவிட நல்ல மருந்து அமையவில்லை. புள்ளி வராது என்று தெரிந்த பிறகும் பந்தைக் குழிக்குள் தள்ளியே தீருவேன் என்று நிற்கும் இரண்டு பேர் எங்களிடம் உண்டு. அவர்களை மாற்ற முடியவில்லை.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ். கார்டில் ஒவ்வொரு ஹோலுக்கும் கடின வரிசையைக் காட்டும் ஓர் எண், 1 முதல் 18 வரை, இருக்கும். உங்கள் ஆட்ட ஹேண்டிகேப் 20 என்றால் எல்லா ஹோலிலும் ஒரு ஷாட் சலுகை, இண்டெக்ஸ் 1, 2 உள்ள ஹோல்களில் மட்டும் இரண்டு. இண்டெக்ஸ் 4 உள்ள பார் 4-ல் ஆறு அடித்தால் நெட் ஐந்து, ஒரு புள்ளி. இதை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. அதனால் முதல் ஷாட் அடிக்கும் இடத்தில் நிற்கும்போதே அவரவர் கார்டில் சலுகை வரும் ஹோல்களுக்குப் பொட்டு வைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

சரி, அந்த 20 போன்ற எண் எங்கிருந்து வருகிறது? உலக ஹேண்டிகேப் முறை 2020-ல் வந்த பிறகு கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-ன் சராசரிதான் ஒருவரின் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (ஹோலின் இண்டெக்ஸ் வேறு). அதை மைதானத்தின் ஸ்லோப்பைக் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்ற அளவு) கொண்டு பெருக்கி 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய ஷாட்) பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்க்க வேண்டும். 18.4 இண்டெக்ஸ் உள்ளவர் ஸ்லோப் 126, ரேட்டிங் 70.8, பார் 72 உள்ள மைதானத்தில் ஆடினால் 19.3 வரும். அதில் 95 சதவீதம் எடுத்தால் 18, அதுதான் ஆட்ட ஹேண்டிகேப். ஸ்லோப் மாறினால் எண்ணும் மாறும் என்பதை ஏற்க எங்கள் ஆட்களுக்கு ஒரு வருடம் ஆனது.

சிறந்த 8 என்பதை இன்னும் பலர் பிடித்துக்கொள்ளவில்லை. ஹேண்டிகேப் என்பது உங்கள் சாதாரண நாளின் அளவு அல்ல, நல்ல நாளின் அளவு. எங்கள் பட்டியலில் பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண நாளில் 30 முதல் 33 புள்ளி வரைதான் வருகிறது. 36 (18 ஹோலுக்கும் தலா 2 புள்ளி) வரவில்லையே என்று மாதா மாதம் புலம்புபவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். மாதா மாதம் 36-ஐத் தாண்டுபவரைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அப்படி ஒருவர் வந்தார். விருந்தாளி, இண்டெக்ஸ் இல்லை. "24 இருக்கும் சார்" என்றார். நானும் எழுதிக்கொண்டேன். 44 புள்ளி எடுத்து முதல் பரிசைக் கையில் வாங்கிக்கொண்டு போனார். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் அன்று மாலை நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. இப்போது மூன்று கார்டு கொடுத்த பிறகுதான் முதல் மூன்று பரிசுக்குத் தகுதி. அதுவரை பந்தைக் கொடிக்கு மிக அருகில் வைப்பவருக்கான பரிசு மட்டும். 54 ஹோல் ஆடினால்தான் முதல் இண்டெக்ஸ் என்ற அதிகாரபூர்வ விதியைத்தான் எங்கள் அளவுக்கு எடுத்துக்கொண்டோம். ஆறு வருடத்தில் நாங்கள் சேர்த்ததில் மிகவும் பயன்பட்ட விதி இதுவே.

சமநிலை வந்தால் கவுண்ட்பேக். கடைசி ஒன்பது ஹோல், அப்புறம் ஆறு, மூன்று, ஒன்று என்று பார்ப்போம். இதில் ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன். அன்று எல்லா ஹோலிலும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். 37-ல் இருவர் சமம். ஒருவர் எங்கள் குழுவின் மூத்தவர். "தம்பி, நான் பத்தாவது ஹோலில் ஆரம்பித்தேன். எனக்குக் கடைசி ஒன்பது என்றால் 1 முதல் 9 தானே?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, விதியில்தான் ஒன்றும் எழுதவில்லை. எழுதாத விதியைப் பரிசு மேசையில் நின்று எழுத முடியாது என்று பரிசைப் பிரித்துக் கொடுத்தோம். யார் எங்கே ஆரம்பித்தாலும் கடைசி ஒன்பது என்பது 10 முதல் 18 என்று அடுத்த மாதமே தாளில் ஏறியது.

இன்னும் எனக்குத் திருப்தி இல்லாதது வெற்றி வெட்டு. ஜெயித்தவருக்கு எங்கள் பட்டியலில் 2 ஷாட் குறைப்பு, இரண்டாவது வந்தவருக்கு 1. இண்டெக்ஸை நாங்கள் தொடுவதில்லை, இது குழுவுக்குள் மட்டும் நடக்கும் கணக்கு. இதனால் பரிசு பலர் கைக்கும் போகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நன்றாக ஆடியதால் இண்டெக்ஸ் தானாகவே இறங்கிவிடுகிறது, அதன் மேல் நாங்களும் வெட்டுகிறோம். ஒரே சுற்றுக்கு இரண்டு தண்டனை. போன வருடம் ஜெயித்த ஒருவர் அடுத்த ஐந்து மாதமும் 28-ஐத் தாண்டவில்லை, பிறகு வருவதையே குறைத்துக்கொண்டார். மூன்று போட்டிக்குப் பிறகு வெட்டு தானாகவே காலாவதி ஆக வேண்டும் என்பது என் கட்சி. அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். ஆனால் போன மாதம் ஜெயித்ததே நான்தான், வெட்டு இப்போது என் தலையில் இருக்கிறது. அதனால் இதை வேறு யாரையாவது சொல்ல வைக்க வேண்டும்.