ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிராபிக்ஸ் கார்டு ஃபேன் வேலை: லீவில் சென்னை வருபவர்களுக்கு

வீட்டுக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு இரைகிறது என்று தம்பியோ அக்கா மகனோ போனில் சொன்னால், வெளிநாட்டிலிருந்து கிளம்புகிறவர் கார்டின் வெப்பத்தைத் தணிக்கும் பெரிய கூலர் ஒன்றை வாங்கிப் பெட்டியில் திணித்துவிடுகிறார். இந்த முறை மூன்று கார்டுகளுக்கு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேலை பார்த்ததில் தெரிந்தது நேர் எதிர். முக்கால்வாசி கார்டுக்கு வேண்டியது அதே அளவில் புது ஃபேனும், சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் புது தெர்மல் பேஸ்டும்தான். கூலரையே மாற்றுவது கடைசி வழி, அதையும் கடைக்காரரை நம்பிச் செய்ய முடியாது. அளவு எடுக்கும் வேலை முழுக்க நம்முடையது.

சென்னையில் இரைச்சல் கூடுவதற்கு முதல் காரணம் அறையின் வெப்பம். கூலர் கார்டைக் குளிர்விப்பது அறையின் வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்ற கணக்கில்தான். 22 டிகிரி அறையில் 68-ல் நிற்கும் கார்டு, 34 டிகிரி அறையில் அதே ஃபேன் வேகத்தில் 80-ஐத் தொடும். அதைக் கீழே இறக்க ஃபேன் வேகமெடுக்கும், அதுதான் காதில் விழுகிறது. இரண்டாவது காரணம் தூசி. நம்ம ஊர் ஈரக்காற்றில் தூசி உதிராது, ஹீட்சிங்க் எனும் வெப்பம் வாங்கும் உலோகக் கட்டின் தகடுகளுக்கு நடுவே கம்பளம் மாதிரி அப்பிக்கொள்ளும். ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சும்மா சுழலவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி பேரிங் கெடும்.

கடைக்குப் போகும் முன் இரைச்சல் எது என்று வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் ஃபேனைக் கையால் 30, 40, 50 என்று 100 சதவீதம் வரை ஏற்றுங்கள். சீரான காற்றோசை படிப்படியாகக் கூடினால் ஃபேன் நன்றாக இருக்கிறது, வெப்பம்தான் பிரச்சினை. எல்லா வேகத்திலும் கரகரவென்றோ டக்டக்கென்றோ கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்து அடுத்த வேகத்தில் அடங்கினால் மேல்மூடி ஆடுகிறது. மூடியை விரலால் லேசாக அழுத்தினால் நிற்கும். ஃபேன் வேகம் மாறாமலே விளையாட்டின் மெனுவில் மட்டும் கீச்சென்ற சத்தம் வந்தால் அது காயில் இரைச்சல், கார்டில் உள்ள மின்சுருள் அதிர்வதால் வருவது. எந்த ஃபேனை மாற்றினாலும் அது போகாது. ஃபிரேம் எண்ணிக்கையை 60-க்குக் கட்டிப்போட்டால் குறையும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மெட்ரோவில் வருவது நல்லது. விமான நிலையத்திலிருந்து வரும் அதே நீல வழித்தடத்தில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் நடைதூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். தரைத்தளத்தில் இருப்பவை விற்பனைக் கடைகள்; கார்டைப் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் மாடிப்படி ஏறிப்போகும் சின்ன அறைகளில் இருக்கிறார்கள். கூலியும் உதிரி விலையும் தனித்தனியாகக் கேளுங்கள். கார்டின் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு, முடிந்தால் பக்கத்திலேயே நின்று வேலை வாங்குங்கள். வாரண்டி இன்னும் இருக்கிறது என்றால் திருகு மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழிக்கவிடாதீர்கள்.

அந்த மேசைகளில் கைவேகம் அசத்தல், அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் முதலில் வரும் யோசனை, "ஒரு சொட்டு ஆயில் விட்டா சரியாயிடும் சார்" என்பதாக இருக்கும். ஸ்லீவ் பேரிங் ஃபேனில் நடு ஸ்டிக்கரை உரித்து எண்ணெய் விட்டால் சத்தம் உண்மையிலேயே அடங்கும், ஆனால் கொஞ்ச நாளுக்குத்தான். தேய்ந்த துளை நிரம்பாது. நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு மறுபடி கரகரக்கும். "வேண்டாம் அண்ணே, ஃபேனையே மாத்திடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

மாற்று ஃபேன் பிடிப்பதற்குக் கார்டின் பெயர் போதாது. ஒரே மாடலில் வேறு வேறு ஃபேன் வந்திருக்கும். ஃபேனின் நடுவிலோ பின்பக்கமோ உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள்: தயாரிப்பு எண், 12 வோல்ட், பக்கத்தில் 0.35 அல்லது 0.40 ஆம்பியர் போல ஓர் அளவு. எண்ணைப் பார்த்து விட்டத்தை ஊகிக்கக்கூடாது. பவர் லாஜிக்கின் பிஎல்டி10010 என்ற எண்ணைப் பார்த்தால் 100 மி.மீ என்று தோன்றும். இறக்கையின் விட்டம் 95 மி.மீதான். வெர்னியர் அளவுகோலில் இறக்கை விட்டத்தையும், திருகுத் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் எடுங்கள். மூன்று துளை ஃபேனில் அது 40 மி.மீ அருகே இருக்கும், 2 மி.மீ மாறினாலும் திருகு உட்காராது. இரண்டு மூன்று ஃபேன் உள்ள சில கார்டுகளில் ஒன்று எதிர்த்திசையில் சுற்றும். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துவைத்தால் இடம் மாறாது.

கனெக்டரில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. மதர்போர்டு ஃபேன் கனெக்டரில் பின்களுக்கு நடுவே 2.54 மி.மீ, கார்டில் உள்ள சின்ன நாலு பின் கனெக்டரில் 2 மி.மீ. அழுத்தினால் ஏறாது. இதற்கென்றே அடாப்டர் ஒயர் உண்டு, அதை வெளிநாட்டிலிருந்து எடுத்து வருவதுதான் பெட்டியில் இடம் பிடிக்காத, உருப்படியான பொருள். அது இல்லாதபோது கடையில் ஒயரை வெட்டி ஒட்டித் தருவார்கள். வழக்கமான வரிசை கிரவுண்ட், 12 வோல்ட், டேக்கோ (ஃபேன் வேகத்தைச் சொல்லும் ஒயர்), பிடபிள்யூஎம் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒயர்). ஒயர் நிறத்தை நம்பவே கூடாது, சில கார்டுகளில் வரிசையும் மாறும். மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் பின்னை உறுதி செய்த பிறகே சாலிடர் வைக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் பிடபிள்யூஎம் பின்னுக்குப் போனால் கார்டின் ஃபேன் கன்ட்ரோலரே போய்விடும். இரண்டு ஃபேனை ஒரே கனெக்டரில் சேர்த்தால் ஒன்றின் டேக்கோ ஒயர் மட்டும்தான் இணைய வேண்டும், இல்லாவிட்டால் வேகம் தாறுமாறாகக் காட்டும்.

இனி பெரிய கூலர். ஆர்க்டிக் அக்செலெரோ எக்ஸ்ட்ரீம் 4-ல் மூன்று 92 மி.மீ ஃபேன்; ராய்ஜின்டெக் மார்ஃபியஸ் 2-ல் வெப்பத்தைக் கடத்தும் 12 ஹீட்பைப் குழாய்கள், ஃபேனை நாமே தனியாக வாங்கி மாட்ட வேண்டும். இரண்டும் அமைதியானவைதான். ஆனால் இவை 2020-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக்கு முந்தைய காலத்துப் பொருட்கள். சிப்பைச் சுற்றியுள்ள நாலு துளைகளின் இடைவெளி கார்டுக்குக் கார்டு வேறு: 53, 58, 61, 64 மி.மீ என்று பல உண்டு. துளை பொருந்தினாலும் மெமரியையும் மின்சாரப் பகுதியையும் கூலரின் அடித்தட்டு தொடாது. மார்ஃபியஸில் அவற்றின் மேல் சின்னச் சின்ன ஹீட்சிங்குகளை ஒட்ட வேண்டும். கார்டு தலைகீழாகத் தொங்கும் கேபினெட்டில், நம்ம ஊர் வெயிலில், அந்தப் பசை இளகி ஒன்று விழுந்தால் கீழே இருக்கும் பாகத்தில் ஷார்ட் ஆகும். ஆர்டிஎக்ஸ் 3090-ல் போர்டின் பின்பக்கமும் மெமரி இருக்கிறது, அதை மார்ஃபியஸ் கண்டுகொள்வதே இல்லை. 25 மி.மீ தடிமன் ஃபேனோடு மார்ஃபியஸ் நாலு ஸ்லாட் வரை இடம் கேட்கும். சின்ன மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட்டில் அடிப்பக்கத்து பவர் சப்ளை மூடியில் முட்டும்.

ஃபேன்தான் எதிரி, ஹீட்சிங்க் நல்லது என்றால் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, அசல் ஹீட்சிங்க் மேலேயே இரண்டு 120 மி.மீ ஃபேனைக் கேபிள் டையால் கட்டுவதே நான் பரிந்துரைப்பது. இடம் குறைவு என்றால் 15 மி.மீ தடிமன் ஃபேன் உண்டு. இதைத் திரும்பக் கழற்றிப் பழையபடி ஆக்கலாம் என்பது பெரிய வசதி. ஃபேனை மதர்போர்டில் மாட்டினால், ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் கார்டின் வெப்பத்தைப் பார்த்து ஓடும்படி வைக்கலாம். மதர்போர்டின் இயல்பு அமைப்பில் விட்டுவிட்டால் அது சிபியு வெப்பத்தையே பார்க்கும், கார்டு வெந்தாலும் ஃபேன் நிதானமாகச் சுற்றும்.

பிரித்த கார்டில் மெமரிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருக்கும் மென்மையான தெர்மல் பேட் பழையதையே வைக்கவிடாதீர்கள், கிழிந்திருந்தால் குறிப்பாக. 0.5, 1, 1.5, 2 மி.மீ என்று தடிமன் உண்டு, 1 மி.மீ இருந்த இடத்தில் 2 மி.மீ போட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பின் மேல் அமராது. பேஸ்ட் தடவி, நாலு திருகையும் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஒருமுறை திரும்பக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சிப் முழுக்க மெல்லிய சீரான படலம் இருக்க வேண்டும். ஒரு மூலையில் பேஸ்ட் தடித்து நின்றால் அந்தப் பக்கம் தொடவில்லை. பழைய பேஸ்டைத் துடைக்க ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போதும், தின்னர் வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் 20 நிமிடம் கார்டுக்கு முழு வேலை கொடுத்து, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பத்தைப் பாருங்கள். சராசரி வெப்பத்துக்கும், சிப்பின் மிகச் சூடான இடமான ஹாட்ஸ்பாட்டுக்கும் இடையே 20 டிகிரிக்கு மேல் இருந்தால் பொருத்தம் சரியில்லை, அங்கேயே திருப்பிப் பிரிக்கச் சொல்லுங்கள். கடை ஏசியில் 24 டிகிரி, வீட்டறையில் 33 என்றால், வந்த எண்ணோடு 9-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போதும் இரைச்சல் மிச்சமிருந்தால் ஆஃப்டர்பர்னரில் கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பான பவர் லிமிட்டை 80 சதவீதமாக்குங்கள். வேகத்தில் இழப்பு சொற்பம், ஃபேன் சத்தத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கழற்றிய பழைய ஃபேன், மேல்மூடி, மிச்சத் திருகு எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஒரு கவரில் போட்டு, மேலே கார்டின் பெயரையும் புது ஃபேனின் ஸ்டிக்கர் எண்ணையும் எழுதி கேபினெட்டுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அலையப்போவது அந்தத் தம்பிதான்.