5600ஜியா, 12400ஆ, பழைய ஒபிஸ் மெசினா: வன்னி வெயிலில் ஒரு கேமிங் பிசி

அக்காவின் மகன் உயர்தரச் சோதனையின் கடைசிப் பேப்பரை எழுதிவிட்டு வந்த அன்றைக்கே வாட்ஸ்அப்பில், கேமிங் பிசி ஒன்று வாங்க என்று மூன்று சாமான் பட்டியல் அனுப்பினான். காசு இரண்டரை லட்சம், மொனிட்டரும் அதற்குள்ளேதான், காலபோக நெல் விற்றதில் அக்கா ஒதுக்கி வைத்தது. "மாமா, மூன்றில எது நல்லம் எண்டு மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றான். அந்த மிச்சத்தில்தான் ஆள் விழுந்து எழும்புவது. யூடியூப்பில் இந்தச் சாமான்களை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் காட்டுகிற ஒருவரும் விசுவமடுவில் இருந்து காட்டுவதில்லை, அதனால் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். விலைகளைப் போடவில்லை, டொலர் ஏறி இறங்குவதைப் பார்த்தால் இன்றைக்கு எழுதுகிற இலக்கம் அடுத்த மாதம் பகிடியாகிவிடும்.

முதல் பட்டியல், பாவித்த ஒபிஸ் மெசின். டெல் ஒப்டிபிளெக்ஸ் அல்லது எச்பி எலைட்டெஸ்க், உள்ளே ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 புரொசசர், அதற்கு மேல் ஒரு ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட். கிளிநொச்சியிலேயே கிடைக்கும், மலிவு, கட்டுமானம் உருக்கு மாதிரி. ஆனால் ஐ5-6500 என்பது 2015இல் வந்தது, நாலு கோர் (உள்ளே கணக்குப் போடுகிற மூளைகள்), நாலே திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பதோ இன்டெலில் எட்டாம் தலைமுறையில் இருந்து. பெடியன் ஆசைப்படுகிற வலரண்ட் கேம், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாவிட்டால் திறக்கவே விடாது. அடுத்தது பவர் சப்ளை. இந்த மெசின்கள் பலதில் அது கம்பனியின் சொந்த அளவு, சொந்த வயர், வெளியில் வாங்குகிறது பொருந்தாது. ஆகவே தனி மின்வயர் கேட்காத கார்ட்தான் போடலாம், அதாவது 1650இன் சில மொடல்கள், இல்லாவிட்டால் 70 வாட் குடிக்கிற 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050. ஒல்லிப் பெட்டி என்றால் கார்டின் உயரமும் பாதியாக இருக்க வேண்டும். ஒரு லட்சம்தான் இருக்கிறது என்பவருக்கு இது நல்ல வழி. இரண்டரை லட்சம் வைத்திருப்பவருக்கு இல்லை.

இதே சாதியில் இன்னொன்று இருக்கிறது, கடையில் "ஐ7 கேமிங் புல் செட்" என்று கலர் லைற் போட்ட கேஸிங்கில் வைத்திருப்பார்கள். எத்தனையாம் தலைமுறை என்று கேளுங்கள். ஐ7-4770 ஆக இருந்தால் அது 2013ஆம் ஆண்டுச் சாமான், நாலு கோர், எட்டுத் திரெட். 2022இல் வந்த ஐ3-12100எஃப்புக்கும் நாலு கோர், எட்டுத் திரெட்தான், ஆனால் வேகத்தில் அந்த ஐ7 கிட்டவும் வராது.

இரண்டாம் பட்டியல் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி. இது எனக்கு விருப்பமான புரொசசர், கொஞ்சம் பக்கம் சாய்ந்து எழுதினால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், உள்ளேயே வேகா கிராபிக்ஸ், தனிக் கார்ட் இல்லாமலே வலரண்டும் ஜிடிஏ 5உம் செட்டிங்கைக் குறைத்தால் 1080பியில் விளையாடக்கூடியபடி ஓடும். இப்போது இதை வாங்கிவிட்டு அடுத்த போகத்தில் கார்ட் போடலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஒரே ஒரு நிபந்தனை, ராம் இரண்டு குச்சியாக இருக்க வேண்டும். 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டால் பிறகு கூட்டலாம் என்று கடையில் சொல்வார்கள், அந்தப் புத்திமதி கார்ட் உள்ள மெசினுக்குப் பரவாயில்லை, 5600ஜிக்கு அநியாயம், ஏனென்றால் அந்த வேகாவுக்குச் சொந்த மெமரி கிடையாது, ராமைத்தான் உறிஞ்சும், ஒரு குழாயால் உறிஞ்சுவதும் இரண்டு குழாயால் உறிஞ்சுவதும் ஒன்றல்ல. 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள்.

குறையும் உண்டு. பெயரில் ஜி இல்லாத 5600க்கு எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) 32 எம்பி, ஜிக்குப் பாதி, 16. கார்டுக்கும் புரொசசருக்கும் இடையிலான பாதையான பிசிஐஇயும் 4.0 இல்லை, 3.0. பின்னாடி நல்ல கார்ட் போடும்போது இந்த இரண்டும் கொஞ்சம் கையைப் பிடிக்கும். அதிலும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நாலே லேனில் ஓடுகிற கார்டை இதில் போட்டீர்களோ, காசைக் கிணற்றில் போட்ட மாதிரித்தான்.

மூன்றாம் பட்டியல் இன்டெல் கோர் ஐ5-12400எஃப், பாவித்த ஆர்எக்ஸ் 6600 கார்ட். காகிதத்தில் இதுதான் வெல்கிறது. கேமில் 12400எஃப்பும் ரைசன் 5600உம் தோளோடு தோள், இரண்டில் எது மலிவாக அகப்படுகிறதோ அது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் கொழும்பில் இருந்தால் அப்படித்தான் சொல்வேன்.

இங்கே சொல்ல மாட்டேன். காரணம் அந்த எஃப். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, ரைசன் 5600க்கும் அப்படியே. கார்ட் செத்தால் திரையில் ஒன்றும் வராது, மெசின் வெறும் பெட்டி. நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். மூன்று வருடத்துக்கு முன் என் கார்டின் ஃபான் ஒன்று நின்று, அது வொரன்டிக்கு என்று பொலித்தீனில் சுற்றிக் கொழும்புக்கு பஸ் ஏறியது. "ஒரு கிழமை அண்ணை" என்றார்கள். இருபத்திநாலு நாள். அவ்வளவு நாளும் மெசின் மேசையில் பூசைப் படம் மாதிரி இருந்தது, நான் வேலைக்கு வேண்டிய எக்ஸெல்லைப் போனில் நோண்டிக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு சாமான் பழுதென்றால் 300 கிலோமீற்றருக்கு மேல் போய் வர வேண்டும். அதனால் நான் ஒரு பட்டியலைப் பார்க்கும்போது கேட்கிற முதல் கேள்வி எஃப்பிஎஸ் (கேமில் விநாடிக்கு வருகிற படம்) எத்தனை என்பதல்ல, இதில் ஒன்று கொழும்புக்குப் போனால் மிச்சம் ஓடுமா என்பதுதான். 12400எஃப்புக்குப் பதில் வெறும் 12400 வாங்கினால் உள்ளே யூஎச்டி 730 கிராபிக்ஸ் இருக்கிறது, கொஞ்சக் காசுதான் கூட. கேமுக்கு அது உதவாது, வேகாவுக்குக் கிட்டவும் நிற்காது, ஆனால் கார்ட் கொழும்புக்குப் போன நேரம் படிக்க, படம் பார்க்க, கம்பஸ் விண்ணப்பம் நிரப்பப் போதும்.

கார்ட் விஷயம். புதுசாக வாங்கினால் இந்தக் காசில் ஆர்டிஎக்ஸ் 3050தான் தட்டுப்படும், பாவித்ததென்றால் ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்எக்ஸ் 580. முதலில் 3050. இதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், 2022இல் வந்த 8 ஜிபி அண்ணனும் 2024இல் வந்த 6 ஜிபி தம்பியும். பெட்டியில் ஒரே பெயர். தம்பிக்கு கூடா கோர் (என்விடியா கார்டில் கணக்குப் போடுகிற கோர்) 2304, அண்ணனுக்கு 2560, தம்பியின் மெமரி பஸ்ஸும் (மெமரிக்குப் போகிற பாதையின் அகலம்) 128க்குப் பதில் 96 பிட். 580இலும் இதே விளையாட்டு நடக்கிறது: 2048எஸ்பி என்று சின்ன எழுத்தில் போட்ட ஒன்று சுற்றுகிறது, உண்மையான 580க்கு ஷேடர் (ஏஎம்டி கார்டில் கணக்குப் போடுகிற கோர்) 2304. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் இலக்கம் அப்படியே தெரியும். 580 இப்போது 2017ஆம் ஆண்டுக் கிழவன், 185 வாட் குடிப்பான், ஏஎம்டியும் அந்தத் தலைமுறைக்கு டிரைவர் தருவதில் கையைச் சுருக்கிவிட்டது. ஓசியாக வந்தால் போடுங்கள்.

6600 என்றால் 132 வாட்டில் 8 ஜிபி, சாதாரண கேமிங்கில் 8 ஜிபி 3050ஐ வடிவாக முந்தும். பெடியன் நாளைக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் படிக்கப் போகிறேன், என்விடியாவின் கூடா வேண்டும் என்று சொன்னால் மட்டும் என்விடியா பக்கம் யோசிப்பேன். சிலர் இன்டெல் ஆர்க் பி580ஐயும் சொன்னார்கள், 12 ஜிபி என்று ஆசைகாட்டி. நல்ல கார்ட்தான், ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் புரொசசர் ஒரேயடியாகத் தொடவிடுகிற வசதி) கட்டாயம், கொஞ்சம் பழைய புரொசசரோடு சேர்த்தால் சோம்பல் படும், 12400க்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாவித்த கார்ட் என்றால் மைனிங் (கார்டை இரவு பகலாக ஓட்டிக் கிரிப்டோ காசு உண்டாக்குவது) பயம் எல்லோருக்கும் உண்டு. எதேரியம் என்ற கிரிப்டோ காசு 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி மைனிங்கைக் கைவிட்டபோது மூட்டை மூட்டையாகக் கார்ட் சந்தைக்கு வந்தது, 6600உம் அதில் தாராளம். மைனிங்கில் கிடந்தது என்பதற்காகவே ஒதுக்கத் தேவையில்லை, ஃபானும் தேர்மல் பேஸ்ற்றும்தான் தேய்ந்திருக்கும். போய் நேரில் பாருங்கள்: ஸ்குரூ தலை வழுக்கியிருக்கிறதா, பின் தகட்டோரம் எண்ணெய் கசிந்திருக்கிறதா, ஃபானைக் கையால் சுற்றினால் கரகரக்கிறதா. பிறகு கார்டை முழுமூச்சில் வேலை வாங்குகிற ஃபர்மார்க் என்ற மென்பொருளைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். ஓடவிட மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

இனி, மூன்று பட்டியலிலும் பெடியன் எழுத மறந்தது. பவர் சப்ளை. மூன்றிலும் "கேஸிங்கோடு வரும்" என்றுதான் இருந்தது. அப்படிக் கேஸிங்கோடு வந்த, 600 வாட் என்று ஒட்டியிருந்த ஒன்றை நான் ஒருமுறை வாங்கினேன், கையில் தூக்கியபோதே அரைக் கிலோ மா பைக்கற் மாதிரி லேசாக இருந்தது, அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஒக்டோபர் மழை தொடங்கிய ஒரு பின்னேரம், தூரத்தில் ஒரு இடி, கறண்ட் ஒருக்கா மங்கிப் பாய்ந்து வந்தது, பின்னால் "டப்". திறந்து பார்த்தால் கரிய மணம், உள்ளே ஒரு கப்பாசிற்றர் வயிறு வெடித்து, பக்கத்தில் ஒரு பல்லி மொறுமொறுவென்று. பல்லி முதலா இடி முதலா என்று இன்றைக்கும் தெரியாது. மதர்போர்ட்டையும் கூட்டிக்கொண்டே போனது.

12400க்கு உச்சத்தில் 117 வாட், 6600க்கு 132, மிச்சச் சில்லறை எல்லாம் சேர்த்தாலும் 300ஐத் தாண்டுவது கஷ்டம். அதற்கு நல்ல கம்பனியின் 80 பிளஸ் பிரொன்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற சான்று) 550 வாட் தாராளம். ஊர் பேர் தெரியாத 750ஐவிட அது ஆயிரம் மடங்கு நல்லம். அதோடு ஏவிஆர் (ஏறி இறங்குகிற மின்னழுத்தத்தைச் சீராக்குவது) உள்ள யூபிஎஸ் ஒன்று. மின்னழுத்தம் 230 வோல்ற் இருக்க வேண்டும் என்பது புத்தகத்தில், அக்கா வீட்டுச் சொக்கற்றில் பின்னேரம் ஏழு மணிக்கு, சுற்றிவர எல்லா வீட்டிலும் லைற் எரியும் நேரம், மல்ரிமீற்றரை வைத்தேன், 197 காட்டியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள் பாய்ந்ததால் முழு இலங்கையும் இருண்டது என்று அமைச்சரே சொன்ன நாட்டில் யூபிஎஸ் ஆடம்பரம் இல்லை. 650 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், கேம் நடுவில் கறண்ட் போனால் சேவ் பண்ணி நிறுத்த சில நிமிடம் கிடைக்கும், அவ்வளவுதான், மட்சை முடிக்க நினைக்கக் கூடாது.

எர்த்தையும் பாருங்கள். ஆவணி வெயிலில் மண் காய்ந்து எர்த் கம்பி சும்மா பேருக்கு நிற்கும், கேஸிங்கின் இரும்பில் விரல் வைத்தால் சுர்ரென்று ஊரும். அக்கா வீட்டில் அப்படித்தான் இருந்தது. கம்பி இறக்கிய இடத்தில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியதும் ஊர்வது நின்றது, ஆனால் அது அன்றைக்கு மட்டும், நிரந்தரமாக என்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் கம்பியை ஆழமாக இறக்க வேண்டும்.

மிச்சம் சுருக்கமாக. எஸ்எஸ்டி என்விஎம்இ 500 ஜிபி, வேகம் குறைந்த பழைய சாட்டா வகையோடு ஒப்பிட்டால் இப்போது விலை வித்தியாசம் பெரிதில்லை. ராம் டிடிஆர்4, ஏஎம்டியின் புதிய சொக்கற்றான ஏஎம்5 பக்கம் போனால் டிடிஆர்5 கட்டாயம், 2025 கடைசியில் இருந்து ராம் விலை பிடித்த ஓட்டத்தில் அந்த ஆசையை விட்டுவிட்டோம். 12400 சொக்கற்றும் பழசாகிவிட்டதுதான், தெரிந்தேதான் வாங்குகிறோம். கேஸிங் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை, உள்ளே கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்ரர், ஏனென்றால் பரந்தன் முல்லைத்தீவு றோட்டோரப் புழுதி இரண்டு கிழமையில் ஃபானில் செம்மண் பூசிவிடும். நிலத்தில் வைக்காமல் மேசையில் வையுங்கள்.

பெடியன் கடைசியில் எஃப் இல்லாத 12400ஐயும் 6600ஐயும் பிடித்துக்கொண்டான், கலர் லைற்றை விட்டுக்கொடுத்தது அவனுக்குக் கொஞ்சம் கவலை. அக்காவுக்கு யூபிஎஸ் விளங்கவில்லை, "கறண்ட் போனா படுக்க வேண்டியதுதானே" என்றா. 6600 வைத்திருப்பவர் வவுனியாவில், சனிக்கிழமை போகிறோம், ஃபர்மார்க்கைப் பென் டிரைவில் போட்டாச்சு, மல்ரிமீற்றரை மட்டும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.