சிப்காட் மனையா, சாலையோரப் பட்டா நிலமா?

பெரம்பலூர் மாதிரியான மாவட்டத்தில் ஐந்து முதல் பத்து ஏக்கரில் ஆலை போட வருபவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, எறையூர் போன்ற சிப்காட் (மாநில அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனம்) வளாகத்தில் 99 ஆண்டுக் குத்தகை மனை. மற்றது, திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையை ஒட்டி விவசாயிகளிடம் கிரயம் வாங்கும் பட்டா நிலம். நாங்கள் எடுத்தது சிப்காட். கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறோம்.

பட்டா நிலம் சொந்தம், விற்க யார் சம்மதமும் வேண்டாம் என்பது தெரிந்ததுதான். ஆள் கிடைப்பதிலும் பெரிய வித்தியாசமில்லை. எல்லாவற்றையும் தீர்மானிப்பது லாரி போய்வரும் வழி. பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது, சரக்கு முழுக்கச் சாலையை நம்பித்தான்.

பட்டா நிலம் என்றால் முதலில் அதன் எல்லையும் உட்பிரிவும் காட்டும் புல வரைபடத்தை விரித்துப் பாருங்கள். எட்டு ஏக்கர் என்றால் நேரில் ஒரே துண்டாகத் தெரியும். வரைபடத்தில் ஆறேழு உட்பிரிவு இருக்கும். நடுவே இரட்டைக் கோடு வளைந்து போனால் பெரும்பாலும் வாய்க்கால் புறம்போக்கு அல்லது வண்டிப்பாதை. எது என்று கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேடு சொல்லிவிடும். தரையில் அது தூர்ந்துபோய் மக்காச்சோளம் நிற்கலாம். கணக்கில் அரசு நிலம்தான். அதற்குப் பட்டா மாறாது, மேலே ஷெட் எழுப்ப முடியாது. லாரி கடக்கச் சிறுபாலம் போடவும் அனுமதி வாங்க வேண்டும். விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் தாத்தா காலத்திலிருந்து அதைச் சேர்த்துத்தான் உழுதிருப்பார்.

நெடுஞ்சாலையில் நேராகக் கேட் திறக்கவும் தனி அனுமதி வேண்டும். இணைப்புத் தடம் உங்கள் செலவு. ஊராட்சிச் சாலை வழியே வரலாம் என்றால், 40 அடி கண்டெய்னரில் பெட்டி மட்டுமே 12.2 மீட்டர். 3.75 மீட்டர் தார்ச்சாலையின் திருப்பத்தில் டிரெய்லரின் பின்சக்கரம் மண்ணில் இறங்கிவிடும். ஐப்பசி மழையில் அங்கேயே புதையும்.

மின்சாரமும் இதே கதைதான். மின்தேவை ஒரு வரம்புக்கு மேல் போனால் உயரழுத்த இணைப்பு. கம்பம் அடுத்தவர் வயலில் நட வேண்டியிருந்தால் ஒருவர் மறுத்தாலும் வேலை இழுத்துக்கொண்டே போகும். சிப்காட்டில் உள்சாலை, வடிகால், மின்பாதை எல்லாம் வளாகத்தோடு சேர்ந்தே திட்டமிடப்படுகின்றன.

சிப்காட்டிலும் இடறல் உண்டு. வங்கியில் அடமானம் வைக்க சிப்காட்டின் தடையின்மைக் கடிதம் வேண்டும். மனையைக் கைமாற்ற ஒப்புதலும் கட்டணமும் உண்டு. குறித்த காலத்துக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் ஒதுக்கீடே ரத்தாகலாம். ஐந்தாண்டில் விற்றுவிட்டுப் போகும் எண்ணமிருந்தால் பட்டா நிலமே வசதி. சின்ன வெங்காயம், மக்காச்சோளம் பதப்படுத்துபவர்களுக்கும் எங்கள் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு வயல் பக்கத்தில் இருப்பதுதான் லாபமாக இருக்கலாம்.

பட்டா நிலம்தான் என்று முடிவானால், 30 ஆண்டு வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் வாங்குங்கள். பாகப்பிரிவினையில் பெண்மக்கள் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். சர்வேயரை வைத்து எல்லைக்கல் ஒவ்வொன்றையும் அளந்துவிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்குமுன் காலி டிரெய்லர் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நிலம் வரை ஓட்டி, திருப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.