பரண் இருக்கும் சமையலறைக்கு டிராக் லைட்டா, பதித்த பேனல் லைட்டா?

எங்கள் நங்கநல்லூர் வீட்டுச் சமையலறையில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதில் தட்டையான பேனல் லைட் பதித்திருக்கிறோம். மேடவாக்கத்தில் அக்காவின் ஃபிளாட்டில் டிராக் லைட்: கூரையில் ஒரு நீளச் சட்டம், அதில் திருப்பக்கூடிய சின்ன விளக்குகள். இரண்டு இடத்திலும் நின்று சமைப்பவள் நான். அக்கா வீட்டில் விசேஷம் என்றால் காலையிலிருந்து இரவு வரை அந்த டிராக் லைட்டின் கீழ்தான் இருப்பேன். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்: சொந்த வீடு, தினமும் தாளிப்பு, வடை, அப்பளம் என்று எண்ணெய் காயும் அடுப்படி என்றால் பதித்த பேனல் லைட்டே நல்லது. ஆனால் பரணுக்கு அடியில் தனியாக ஒரு விளக்கு போடாவிட்டால், இரண்டில் எதை வாங்கினாலும் வெங்காயம் நறுக்குகிற இடம் இருட்டாகத்தான் இருக்கும்.

காரணம் இதுதான். எங்கள் வீட்டில் ஏழடி உயரத்தில் பரண் சுவரிலிருந்து 2 அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே கிரானைட் மேடையும் அதே 2 அடி. கூரையில் எந்த விளக்கை மாட்டினாலும் அது பரணின் விளிம்பைத் தாண்டித்தான் இருக்க முடியும். அதாவது, மேடைமுன் குனிந்து நிற்பவரின் தலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும். அவருடைய நிழல் அவர் கைமேலேயே விழும். விளக்கு நிறுவனங்களின் படங்களில் வரும் சமையலறைகளில் பரண் இருக்காது. ஓரடி ஆழத்துக்கு அலமாரி மட்டும் இருக்கும். அங்கே மேடையின் விளிம்புக்கு நேர் மேலே விளக்கு வைத்தால் வெளிச்சம் கைக்கு முன்னால் இறங்கிவிடும். நமக்கு அந்த வசதி இல்லை.

எங்களுக்கு ஒயரிங் செய்த தம்பி வந்து பார்த்ததும் சொன்னது: “எத்தனை வாட்ஸ் போட்டாலும் அந்த நிழல் போகாதுக்கா. பரணுக்கு அடியில ஒரு ப்ரொஃபைல் லைட் அடிச்சுடலாம்.” அலுமினியச் சட்டத்துக்குள் எல்.ஈ.டி. ஸ்ட்ரிப், மேலே பால் நிற மூடி. அதைப் பரணின் முன்விளிம்பை ஒட்டிப் பொருத்தினார். அந்தப் பால் நிற மூடி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட்டில் ஒவ்வொரு எல்.ஈ.டி.யும் தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்து கண்ணை உறுத்தும். அடுப்புக்கு மேலே மட்டும் ஸ்ட்ரிப் ஓட்டவில்லை. அங்கே சிம்னியின் விளக்கே போதும், சூடும் ஆவியும் ஸ்ட்ரிப்புக்கு ஆகாது.

அக்கா வீட்டு டிராக் லைட்டுக்கு வருகிறேன். அதன் பெரிய நன்மை, ஃபால்ஸ் சீலிங் போடவே வேண்டாம். கான்கிரீட் தளத்தில் நாலு ஸ்க்ரூ, பழைய டியூப்லைட் பாயிண்ட்டிலிருந்து ஒரு ஒயர், ஒரு மீட்டர் டிராக், அதில் மூன்று விளக்குத் தலை. காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. தலையை லேசாகத் திருகிக் கழற்றி வேறு இடத்தில் மாட்டலாம், வேண்டிய பக்கம் திருப்பலாம். ஒரு தலையைச் சாப்பாட்டு மேஜைப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். அது உண்மையிலேயே அழகாக இருக்கிறது.

ஆனால் கடையில் யாரும் முதலில் சொல்லாத ஒன்று பீம் ஆங்கிள், அதாவது ஒளி விரியும் கோணம். கூரை ஒன்பதரை அடி, மேடை 2 அடி 9 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், நேர் கீழே அடிக்கும் 24 டிகிரி விளக்கு மேடைமேல் கிட்டத்தட்ட 3 அடி அகல வட்டம்தான் போடும். 36 டிகிரி என்றால் சுமார் நாலரை அடி. வட்டத்துக்குள் பளிச்சென்று இருக்கும், ஓரத்தில் மங்கிவிடும். துணிக்கடையில் புடவையை எடுப்பாகக் காட்ட இது சரி. மஞ்சள்பொடி டப்பா வட்டத்துக்கு உள்ளேயும் கடுகு டப்பா வெளியேயும் இருக்கிற அடுப்படியில் கண் சீக்கிரம் களைத்துவிடுகிறது. டிராக்தான் வேண்டும் என்பவர்கள் 60 டிகிரி தலை கேட்டு வாங்குங்கள். இரண்டு தலையை இரு பக்கத்திலிருந்தும் மேடையை நோக்கிச் சாய்த்தால் ஒன்றின் நிழலை மற்றது ஓரளவு அழிக்கும்.

எங்கள் அத்தைக்கு எழுபது வயதாகிறது. கீரை ஆய்வதும் அரிசியில் கல் பொறுக்குவதும் இன்றும் அவர்தான். அக்கா வீட்டில் ஒரு முறை ஸ்டூலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவியவர், “லைட்டு கண்ணுக்குள்ள வந்து குத்துதும்மா” என்று எழுந்து ஹாலுக்குப் போய்விட்டார். டிராக் தலையில் ஒளி ஒரு சின்ன வட்டத்திலிருந்து வருகிறது; நிமிர்ந்து பார்த்தால் கூசும். பேனல் லைட்டில் அதே 12 வாட் வெளிச்சம் ஆறங்குல வட்டம் முழுக்கப் பரவி இறங்குகிறது. வயதானவர்களுக்கு வெளிச்சமும் அதிகம் வேண்டும், கூச்சமும் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டு முடிவுக்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. டிராக் என்பது திறந்த பள்ளம். உள்ளே இரு ஓரமும் மின்சாரம் ஓடும் செம்புத் தகடு. சிம்னி இருந்தாலும் தாளிப்பு ஆவி கூரை வரை போகிறது, தலைகளின் மேல் தூசியோடு சேர்ந்து பழுப்பாகப் படிகிறது. மெயினை அணைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, உலர்ந்த துணியால் ஒவ்வொரு தலையாகத் துடைக்க வேண்டும். பள்ளத்துக்குள் ஈரத்துணி படவே கூடாது. பேனலில் சமமான ஒரு பரப்பைத் துடைத்தால் முடிந்தது.

பேனலுக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஃபால்ஸ் சீலிங். எங்கள் சமையலறை பத்துக்கு எட்டு, சின்ன வேலை என்பதால் சதுர அடிக்கு 110 ரூபாய் வாங்கினார்கள். உயரத்தில் 5 அங்குலம் போயிற்று. சாதாரண ஜிப்சம் போர்டு வேண்டாம், ஈரம் தாங்கும் பச்சை நிற போர்டு கேளுங்கள். மேல் மாடியில் பாத்ரூம் இருந்தால் தளத்தில் ஈரக்கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். மூடிய பிறகு கசிந்தால் கறை தெரியும் வரை யாருக்கும் தெரியாது. சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் இடைவெளி விடாமல் பூசச் சொல்லுங்கள், பல்லியும் கரப்பானும் அதில்தான் குடியேறும். புது வீடு கட்டுபவர்கள் தளம் போடும்போதே விளக்குக்கான பாக்ஸைக் கம்பியோடு கட்டி வைத்துவிட்டால் இந்தச் செலவே வேண்டாம்.

வெளிச்சத்தின் நிறம் பற்றிச் சுருக்கமாக: 4000 கெல்வின் (எண் கூடக் கூட வெளிச்சம் வெள்ளையாகும், குறைந்தால் மஞ்சளாகும்). 6500இல் காய்கறி எல்லாம் வெளிறித் தெரிகிறது, 3000இல் வெங்காயம் பொன்னிறமா கருகலா என்று சொல்ல முடியவில்லை. பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. அளவு 90 கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். மிளகாய் வற்றலின் சிவப்பு அதில்தான் சரியாகத் தெரியும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு என் பதில் வேறு. சீலிங்கில் பணத்தைப் போடாதீர்கள். வீட்டைக் காலி செய்யும்போது டிராக்கைக் கழற்றி எடுத்துப் போகலாம், அதனால் 60 டிகிரி தலைகளோடு டிராக், பரணுக்கு அடியில் ஒட்டும் ப்ரொஃபைல் லைட், அவ்வளவு போதும்.

வாங்கும்போது இரண்டு விஷயம். பதித்த விளக்கு மினுக்க ஆரம்பித்தால் பெரும்பாலும் கெடுவது விளக்குக்கு ஏற்ற மின்சாரத்தைக் கொடுக்கும் டிரைவர்தான், விளக்கு அல்ல. எங்கள் நாலு பேனலில் ஒன்று அப்படி ஆனது. விற்ற கடையில் புது பேனல் வாங்கச் சொன்னார்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் டிரைவர் மட்டும் கிடைத்தது. பழைய டிரைவரில் அச்சிட்டிருக்கும் மில்லியாம்பியர் அளவும் வோல்ட் எல்லையும் புதியதோடு பொருந்த வேண்டும், பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அப்புறம், கட் அவுட் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதே மாடல் பிறகு வராமல் போனால் சீலிங்கில் வெட்டிய ஓட்டைக்கு வேறெதுவும் உட்காராது. நாலு தேவை என்றால் ஆறு வாங்கி, இரண்டைப் பெட்டியோடு பரணில் வைத்துவிடுங்கள்.